படமில்லாத மலை: மிவா பயணக் குறிப்புகள்

முதல் நாள்: முட்டை, சாக்கே, முயல்

இந்தத் தொடரில் மலைக்குள் எடுத்த படம் ஒன்றுகூட வராது. இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்புறம் ‘படம் எங்கே’ என்று யாரும் கேட்கக் கூடாது. ஜப்பானின் மிவா மலையில் படம் எடுப்பதற்கே தடை. காரணம், அந்த மலையேதான் சாமி.

ஒசாகாவிலிருந்து கின்டெட்சு ரயிலில் சகுராய் வந்து ஜே.ஆர். வண்டிக்கு மாறினால் அடுத்த ஸ்டேஷனே மிவா. நாரா சமவெளியின் தென்கிழக்கு ஓரம். நவம்பர் கடைசி என்பதால் வெயில் இருக்கிறது, சூடு இல்லை. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் எதிரே மலை. உயரம் 467 மீட்டர்தான். பின்னால் இதைவிட உயரமான மலைகள் வரிசையாகக் கிடக்கின்றன. ஆனால் இது மட்டும் கூம்பு வடிவில், வரிசையை விட்டு ஓரடி முன்னால் வந்து நிற்கிறது. இந்தச் சமவெளியில் முதன்முதலாக அரசு அமைத்தவர்கள் ஏன் இந்த மலையைக் கும்பிட்டார்கள் என்பதற்கு விளக்கமே தேவையில்லை. வயலில் நின்று நிமிர்ந்தால் முதலில் கண்ணில் படுவது இதுதான்.

சாமியின் பெயர் ஓமோனொனுஷி. அவர் ஆலயம் ஓமிவா. ஜப்பானின் சொந்த மதமான ஷிந்தோவின் மிகப் பழைய ஆலயங்களில் ஒன்று. 712-இல் தொகுத்த கொஜிகி, 720-இல் முடிந்த நிஹோன் ஷோகி என்ற இரண்டு பழைய வரலாற்று நூல்களிலும் இவர் கதை வருகிறது. ஓகுனினுஷி என்ற தேவன் நாட்டைக் கட்டிக்கொண்டிருந்தபோது கூட இருந்த குட்டித் தேவன் விட்டுவிட்டுப் போய்விடுகிறான். இனி தனியாக என்ன செய்வேன் என்று அவர் கடற்கரையில் நின்று புலம்ப, கடலை ஒளிரச் செய்துகொண்டு ஒருவர் வருகிறார். ‘யமாடோவின் கிழக்கு மலையில் என்னை வைத்துக் கும்பிடு, துணையாக இருக்கிறேன்’ என்கிறார். யமாடோ என்பது இந்தப் பகுதியின் பழைய பெயர். அந்த மலைதான் இது. கடல் வழியாக வந்து மலையாகவே தங்கிவிட்ட சாமி.

தேவதாரு மரங்களுக்கு நடுவே சரளைக்கல் பாதை. படிகளின் மேலே வழக்கமான தோரி வாயில் இல்லை. இரண்டு மரத் தூண்கள், நடுவே தடித்த வைக்கோல் கயிறு. அதைத் தாண்டினால் வணங்கும் மண்டபம். தீப்பந்தம்போல் செந்நிறமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன், அப்படி இல்லை. வண்ணம் பூசாத மரமும் அகன்ற கூரையுமாக நிற்கிறது. 1664-இல் அப்போது நாட்டை ஆண்ட படைத்தலைவர், நான்காம் தொகுகவா ஷோகன் இயெத்சுனா திரும்பக் கட்டியது.

மண்டபத்துக்குப் பின்னால் கருவறை இருக்க வேண்டும் அல்லவா? இல்லை. பெரும்பாலான ஷிந்தோ ஆலயங்களில் தெய்வம் உறையும் மூலக் கட்டடம் ஒன்று இருக்கும், உள்ளே கண்ணாடியோ வாளோ இருக்கும். இங்கே மண்டபத்துக்குப் பின்னால் மூன்று தோரிகளை ஒட்டவைத்தது போன்ற ஒரு மர வாயில், அதற்கப்பால் யாரும் கால் வைக்கக் கூடாத காடு, அதற்கப்பால் மலை. வந்தவர்கள் இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, மறுபடி ஒருமுறை குனிந்து விட்டுப் போகிறார்கள். அந்த மூன்று வாயிலும் முன்னாலிருந்து தெரியாது. மண்டபம் மறைத்துக்கொண்டிருக்கிறது. மறைப்பதில் இந்த ஊர் கெட்டி என்பது போகப் போகத்தான் புரிந்தது.

மண்டபத்துக்கு வெளியே ஒரு முதிய தேவதாரு. அடியில் ஒரு பொந்து இருக்கிறது, அதில் வெள்ளைப் பாம்பு குடியிருப்பதாக நம்பிக்கை. ஓமோனொனுஷி பாம்பாக வருகிற சாமி. அதனால் மரத்தின் முன்னால் உள்ள படையல் மேடையில் பச்சை முட்டைகளும் சாக்கே என்ற அரிசி மது பாட்டில்களும் வரிசையாக நிற்கின்றன. கோட்டும் டையுமாக ஒருவர் வந்தார். அலுவலகப் பையைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு, சூப்பர்மார்க்கெட் அட்டையிலிருந்து இரண்டு முட்டைகளை எடுத்து, உருண்டுவிடாமல் பார்த்துப் பார்த்து வைத்தார். குனிந்தார், தட்டினார், கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார். பாம்புக்கு முட்டை வைக்கிற பழக்கத்தை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பக்கத்துக் கட்டடத்தில் வெண்கல முயல் ஒன்று இருக்கிறது. வலி உள்ள இடத்தை அதன் உடம்பில் தடவினால் சரியாகும் என்கிறார்கள். இடுப்பும் முழங்காலும் பளபளவென்று தேய்ந்து கிடக்கின்றன. காதுகள் அவ்வளவு தேயவில்லை. ஊருக்கு என்ன வியாதி என்று முயலைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

வணங்கும் மண்டபத்தில் மேலே தொங்கும் பெரிய பச்சைப் பந்து தேவதாரு இலைகளால் செய்தது. ஜப்பான் முழுக்க மது வடிக்கும் கடை வாசல்களில் இப்படிப் பந்து தொங்கும். வழக்கம் இங்கிருந்து போனது. ஓமோனொனுஷி சாக்கேவுக்கும் சாமி. நவம்பர் 14 அன்று நாடெங்கிலுமிருந்து வடிப்பாளர்கள் இங்கே வந்து, இந்த வருஷ வடிப்பு கெட்டுப்போகாமல் இருக்க வேண்டிக்கொண்டு போகிறார்கள். புதுசாகக் கட்டிய பந்து பச்சையாக இருக்கும், மாதங்கள் போகப் போகப் பழுப்பாகும். மது எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்று கடைக்கு உள்ளே போகாமலே தெரிந்துகொள்ளலாம். நான் வந்தது விழா முடிந்த இரண்டாம் வாரம் என்பதால் பச்சை வாசனை இன்னும் போகவில்லை.

மதியம் சோமென். நம் சேமியாவை விட மெல்லிசான கோதுமை நூல். இந்த ஊர்தான் சோமெனின் பிறப்பிடம் என்று சொல்லிக்கொள்கிறார்கள். குளிர்காலத்தில் சூடான ரசத்தில் போட்டுத் தருவார்கள். சைவக்காரர்கள் கவனிக்க: ரசத்தின் அடிப்படை உலர்ந்த மீன். காய்கறி மட்டும் மிதக்கிறதே என்று நம்பிவிட வேண்டாம். இன்னொரு செய்தி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒவ்வொரு பிப்ரவரி 5-ஆம் தேதியும் இந்த ஆலயத்தில் சாமியிடம் குறி கேட்டுத்தான் அந்த ஆண்டு சோமென் விலை உயர்வா, நடுத்தரமா, தாழ்வா என்று முடிவு சொல்கிறார்கள்.

நாளை மலை. விடுதி அம்மா ஒரே ஒரு அறிவுரை சொன்னார்: ‘காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், மேலே ஒரு மிட்டாய்கூட வாயில் போடக் கூடாது.’

இரண்டாம் நாள்: மேலே

மலையேற்றம் ஓமிவாவின் வடக்கே உள்ள சாய் ஆலயத்திலிருந்து தொடங்குகிறது. அனுமதி காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை, மூன்று மணிக்குள் கீழே வந்துவிட வேண்டும். பெயர், முகவரி, தொலைபேசி எண் எழுதிக்கொடுத்து 300 யென் கட்டினால், சின்ன மணி கோத்த ஒரு வெள்ளைத் துணிப் பட்டையைத் தருகிறார்கள். கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏறி, இறங்கியதும் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

விதிகளை ஒரு பூசாரி நிதானமாகச் சொன்னார். படம் எடுக்கக் கூடாது. தண்ணீர் தவிர எதுவும் கூடாது. பூ, இலை, கல், எதையும் எடுத்து வரக் கூடாது. கீழே பார்த்த படையல்போல மேலே எதையும் விட்டுவிட்டு வரவும் கூடாது. நீண்ட காலம் சாதாரண மக்கள் இந்த மலையில் ஏறவே முடியாமல் இருந்தது. இந்தக் கட்டுப்பாடுகளோடு திறந்துவிட்டதே பெரிய விஷயம் என்று பேச்சின் தொனியில் தெரிந்தது. மலையேற்றம் என்ற சொல்லையே அவர்கள் விரும்புவதில்லை. இது வழிபாடு என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

நுழைவாயிலில் வெள்ளைக் காகிதங்கள் கட்டிய ஒரு கோல் வைத்திருக்கிறது. அதை எடுத்து இடம், வலம், இடம் என்று நமக்கு நாமே வீசிச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். மற்ற இடங்களில் பூசாரி செய்யும் வேலை. அதன்பிறகு யாரும் கூட வரமாட்டார்கள்.

முதல் கால் மணி நேரம் எளிது. ஓர் ஓடை, சேற்றில் பதித்த மரக்கட்டைப் படிகள். பிறகு ஏற்றம் செங்குத்தாகிறது. 467 மீட்டர்தானே என்று நினைத்து வருபவர்களை மூச்சு வாங்க வைத்து அனுப்புகிறது. கழுத்து மணி ஒவ்வொரு அடிக்கும் கிணுக்கென்கிறது. மேலிருந்து ஒரு மணிச் சத்தம் இறங்கி வருவது முதலில் கேட்கும், கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஆள் தெரிவார். குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு ஒதுங்கிப் போய்விடுவார். எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி வெறுங்காலோடு இறங்கிக்கொண்டிருந்தார். கணுக்கால் வரை சேறு, விரல்கள் குளிரில் சிவந்திருந்தன. என் பூட்ஸைப் பார்த்துவிட்டு, ‘வேர் வழுக்கும், பார்த்துப் போங்க’ என்றார். பாதியில் ஒரு சின்ன அருவி, பக்கத்தில் நோன்புக் குளியல் குளிப்பவர்களுக்கான குடில். இப்படி வெறுங்காலோடு வருபவர்கள் இங்கே அபூர்வம் இல்லை.

மலையில் மூன்று பாறைக் கூட்டங்கள் புனிதமானவை. உச்சியில் உள்ளது ஓமோனொனுஷிக்கு, நடுவில் உள்ளது ஓனமுச்சிக்கு (ஓகுனினுஷியின் இன்னொரு பெயர்), அடிவாரத்தில் உள்ளது அவரை விட்டுப் போன குட்டித் தேவன் சுகுனாஹிகோனாவுக்கு. கோயில் என்று கட்டடம் கட்டும் பழக்கம் வருவதற்கு முன்னால் தெய்வம் இறங்கி அமரும் இடமாகப் பாறையைத்தான் கும்பிட்டார்கள். 1918-இல் அடிவாரத்தில் யமனோகாமி என்ற இடத்தில் இப்படி ஒரு பாறையும், அதைச் சுற்றி நிறையப் படையல் பொருள்களும் கிடைத்தன. சின்ன வெண்கலக் கண்ணாடி, வளைந்த கல்மணிகள், அப்புறம் மண்ணில் செய்த குட்டி உரல், குட்டி உலக்கை மாதிரிச் சாமான்கள். மது வடிக்கும் பாத்திரங்களின் பொம்மை வடிவங்கள் என்கிறார்கள். அப்போதே இந்தச் சாமிக்கு மது பிடிக்கும் என்று தெரிந்திருக்கிறது.

உச்சியில் என்ன இருக்கிறது என்றுதான் எல்லோரும் கேட்பீர்கள். முதலில் ஒரு சின்னச் சன்னதி. அதைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால், வைக்கோல் கயிறு சுற்றிய கரும்பாறைகள், ஆள் உயரத்துக்கும் குறைவாக, மரங்களுக்கிடையே சிதறி. அவ்வளவுதான். சமவெளியைப் பார்க்கலாம் என்றால் மரங்கள் நாலு பக்கமும் மறைக்கின்றன. பெஞ்சு இல்லை, தகவல் பலகை இல்லை, டிக்கெட்டில் ஒட்டிக்கொள்ள ஒரு முத்திரைகூட இல்லை. ஒருவர் முணுமுணுவென்று ஏதோ ஓதினார். ஓர் இளம் ஜோடி தள்ளித் தள்ளி நின்று கண்ணை மூடிக்கொண்டிருந்தது. உச்சிக்கு வந்தால் காட்சி கிடைக்கும் என்ற நம்முடைய எதிர்பார்ப்பு எவ்வளவு ஊறிப்போனது என்று அங்கே நின்றபோது தெரிந்தது. கை தானாக சட்டைப் பையிலிருக்கும் ஃபோனைத் தேடிக்கொண்டே இருந்தது.

இறங்கி வந்து பட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு சாய் ஆலயத்தின் மருந்துக் கிணற்றில் தண்ணீர் குடித்தேன். இங்கே இருப்பது அதே சாமியின் உக்கிரமான ஆவி. நோயைக் கொண்டுவரவும் தெரியும், விரட்டவும் தெரியும். பூக்கள் உதிரும் காலத்தில் கொள்ளைநோயும் பரவும் என்று ஒரு பழைய நம்பிக்கை. அதை அடக்கும் விழாவை 701-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பிலேயே அரசு விழாவாக எழுதிவைத்திருக்கிறார்கள். இன்றும் ஏப்ரல் 18-இல் நடக்கிறது. மருந்துத் தொழிலில் இருப்பவர்கள் கூட்டமாக வருவார்களாம்.

அந்தக் கொள்ளைநோய்க் கதைதான் இந்தக் கோயிலின் அடித்தளம். சுஜின் என்ற பேரரசர் காலத்தில் நாட்டில் பாதிப் பேருக்கு மேல் செத்துவிட, ஓமோனொனுஷி கனவில் வந்து ‘என் வம்சத்தில் வந்த ஓதாதானெகோவைத் தேடிப் பிடித்து எனக்குப் பூசை செய்ய வை, நோய் நிற்கும்’ என்கிறார். தேடிப் பிடித்தார்கள், பூசை நடந்தது, நோய் நின்றது. சரி, சாமிக்கு மனித வம்சம் எப்படி வந்தது?

அதற்கு ஒரு கதை. இகுதமயோரி என்ற பெண்ணிடம் இரவுதோறும் ஓர் அழகன் வந்துபோகிறான். கர்ப்பமாகிறாள், ஆள் யாரென்று தெரியவில்லை. அவன் அங்கியின் ஓரத்தில் ஊசியால் நூலைக் கோத்துவிடும்படி பெற்றோர் சொல்லித் தருகிறார்கள். விடிந்து பார்த்தால் நூல் கதவுத் துவாரம் வழியாக வெளியே போயிருக்கிறது, உருண்டையில் மூன்று சுற்றுதான் மிச்சம். நூலைப் பிடித்துக்கொண்டே போனால், அது இந்த மலையில் போய் முடிகிறது.

நிஹோன் ஷோகியில் இன்னொன்று, கொஞ்சம் கொடூரம். இளவரசி மொமொசோ இந்தச் சாமிக்கு மனைவியாகிறாள், அவளிடமும் அவர் இரவில் மட்டும் வருகிறார். ‘பகலில் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்’ என்கிறாள். ‘காலையில் உன் சீப்புப் பெட்டியில் இருப்பேன், என்னைப் பார்த்து அலறாதே’ என்கிறார். திறந்தால் உள்ளே அழகான ஒரு குட்டிப் பாம்பு. அவள் அலறிவிட்டாள். அவமானப்பட்ட சாமி வானத்தில் ஏறி மலைக்குப் போய்விட்டது. நொறுங்கிப்போய் உட்கார்ந்த இளவரசி மேல் சாப்பாட்டுக் குச்சி குத்தி உயிர் போய்விட்டது.

மூன்றாவது ஆள் பேரரசர் யூர்யாகு. மலைச்சாமி எப்படி இருக்கும், பிடித்துக்கொண்டு வா என்று பலசாலி ஒருவனை அனுப்புகிறார். அவன் பெரிய பாம்பைப் பிடித்துக்கொண்டு வருகிறான். நோன்பு இருக்காமல் பார்க்கப் போன ராஜா, இடிபோல முழங்கி நெருப்பாகக் கண்ணை விழித்த பாம்பைக் கண்டு, கண்ணைப் பொத்திக்கொண்டு அரண்மனைக்கு உள்ளே ஓடிவிடுகிறார்.

காதலி, மனைவி, ராஜா. மூன்று பேருக்கும் ஒரே ஆசை. கேமராவுக்கு ஏன் தடை என்று கோயிலில் யாரையாவது கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். கேட்கவில்லை.

மூன்றாம் நாள்: குச்சிக் கல்லறையும் அனுப்பிவைத்த சிலையும்

காலையில் யமனோபெ பாதையில் வடக்கே நடந்தேன். மலையடிவாரத்தை ஒட்டிப் போகும் இது ஜப்பானின் மிகப் பழைய சாலைகளில் ஒன்று. இருபுறமும் ஆரஞ்சு, சீமைப் பனிச்சைத் தோட்டங்கள். ஆளில்லாத கடைகளில் பை 100 யென், காசை டப்பாவில் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஹிபாரா ஆலயம் வந்தது. இங்கே மண்டபம்கூட இல்லை. நேற்று கண்ணில் படாத அந்த மூன்று வாயில் இங்கே வெட்டவெளியில் நிற்கிறது, பின்னால் வெறும் மரங்கள். சூரியத் தேவி அமதெராசுவை அரண்மனையிலிருந்து எடுத்து வந்து, இன்று அவள் கோயில் இருக்கும் இசேவுக்குப் போகும் முன்னால், இங்கேதான் வைத்திருந்தார்கள் என்பது நம்பிக்கை. திரும்பி நின்றால் மேற்கே நிஜோ மலை, இரட்டை உச்சியோடு. பகல் இரவு சமமாக இருக்கும் நாள்களை ஒட்டி, சூரியன் அந்த இரண்டு உச்சிகளுக்கு நடுவில் இறங்கும். முக்காலியோடு கூட்டம் கூடிவிடும். இங்கே படம் எடுக்கலாம், எடுத்திருக்கிறேன், கீழே போட்டிருக்கிறேன்.

மலையிலிருந்து இறங்கிய பாதையின் முடிவில் ஹாஷிஹாகா. அந்த இளவரசியின் கல்லறை, பெயரே குச்சிக் கல்லறை. சாவித் துவாரத்தின் வடிவில் சுமார் 280 மீட்டர் நீள மண்மேடு. பக்கத்தில் நின்றால் ஏரிக்கரையில் வளர்ந்த ஒரு காடு, அவ்வளவுதான் தெரியும். மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுந்தது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்படியானால் சீன வரலாற்று நூல் சொல்லும் ராணி ஹிமிகோவின் காலம். இது அவள் சமாதிதான் என்று வாதாடுபவர்களும் உண்டு. தோண்டிப் பார்த்து முடிவு செய்ய முடியாது. பேரரசக் குடும்பத்தின் கல்லறை என்று அரண்மனைத் துறை வேலி போட்டிருக்கிறது.

பகலில் மனிதர்கள் கட்டினார்கள், இரவில் தெய்வங்கள் கட்டின என்று நிஹோன் ஷோகி எழுதுகிறது. சமவெளியின் மேற்கே உள்ள ஓசகா என்ற மலையிலிருந்து கல்லறை வரை மக்கள் வரிசையாக நின்று, கைக்குக் கை கல்லை மாற்றிக் கொண்டுவந்தார்களாம். கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவருக்கு இதிலெல்லாம் ஆர்வம் இருந்ததாகத் தெரியவில்லை.

மகிமுகு ஸ்டேஷனில் ரயில் பிடித்து சகுராய் வந்தேன். ஊருக்குத் தெற்கே ஷோரின்-ஜி என்ற சின்ன புத்தக் கோயில். மலைச்சாமி கதையில் புத்தக் கோயில் எங்கே வந்தது என்றால், இங்கேதான் கதையின் பாதி இருக்கிறது. நூற்றாண்டுக் கணக்காக ஷிந்தோவும் பௌத்தமும் ஒரே வளாகத்தில் சேர்ந்தே இருந்தன. ஓமிவாவுக்கும் பக்கத்திலேயே ஒரு புத்தக் கோயில் இருந்தது, உள்ளே பதினொரு முகக் கன்னோன் சிலை இருந்தது. 1868-இல் மெய்ஜி அரசு வந்ததும் ஷிந்தோவையும் பௌத்தத்தையும் பிரிக்க உத்தரவு போட்டது. நாடு முழுக்கப் பல கோயில்கள் இடிந்தன, சிலைகள் விறகாயின. இந்தக் கன்னோனை வண்டியில் ஏற்றி ஷோரின்-ஜிக்கு அனுப்பிவிட்டார்கள். பழைய கோயில் கட்டடம் மட்டும் இன்னும் ஓமிவா பக்கத்தில் நிற்கிறது. இப்போது அதில் ஓதாதானெகோவைக் கும்பிடுகிறார்கள். முதல் நாள் அதன் வழியாகத்தான் நடந்தேன். ஷிந்தோ ஆலயத்துக்குப் புத்தக் கோயில் கூரை எப்படி என்று அப்போது யோசித்தது நினைவு வந்தது.

கன்னோன் என்பது நம்முடைய அவலோகிதேசுவரர், பௌத்தர்களின் கருணை வடிவான போதிசத்துவர். அவர் உறைவது பொதலகம் என்ற தென்னிந்திய மலை என்பது பௌத்த மரபு, அது பொதிகைதான் என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. அவலோகிதனிடம்தான் அகத்தியர் தமிழ் கேட்டார் என்று பழைய தமிழ் இலக்கண நூலான வீரசோழியமும் சொல்கிறது. ஆக, ஒரு மலைச்சாமியின் பக்கத்து வீட்டில் குடியிருந்தவரும் ஒரு மலைக்காரர்தான்.

எட்டாம் நூற்றாண்டுச் சிலை. மரச் சட்டத்தின் மேல் அரக்குக் குழம்பை அப்பி அப்பி உருவாக்கித் தங்கம் பூசியது. உயரம் 209 சென்டிமீட்டர். தங்கம் பல இடங்களில் உதிர்ந்து கறுப்பு வெளியே வந்திருக்கிறது, தலைமேல் உள்ள சின்ன முகங்களில் சிலவும் போய்விட்டன. வலது கை முழங்கால் பக்கம் தொங்குகிறது. விரல்கள் ஒவ்வொன்றும் வேறு வேறு அளவில் மடங்கியிருக்கின்றன, எதையோ தொடப் போய்ப் பாதியில் நிறுத்தியதுபோல. இதுவும் நெடுங்காலம் மூடிய பேழைக்குள் இருந்தது. 1887-இல் அமெரிக்கக் கலை அறிஞரான ஃபெனொலோசா வந்து திறக்கவைத்தார். 1951-இல் புதிய சட்டத்தின்கீழ் முதன்முதலாகத் தேசியப் புதையல்களை அறிவித்தபோது பட்டியலில் இதுவும் இருந்தது.

நேரெதிரே நாற்காலி போட்டிருக்கிறார்கள், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருக்கலாம். பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்று உச்சியில் இரண்டு நிமிஷத்துக்கு மேல் பார்க்க எதுவும் இல்லை, இங்கே கண்ணை எடுக்க முடியவில்லை. எனக்கு எது சாமி என்று கேட்டால், நேர்மையாகச் சொன்னால் இதுதான். மிவாக்காரர்கள் அந்த முட்டைகளை இங்கே கொண்டுவந்து வைக்கமாட்டார்கள் என்பதும் தெரியும்.

2021-இல் டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இந்தச் சிலையைக் காட்சிக்கு வைத்தபோது, பின்னால் ஓமிவாவின் மூன்று வாயிலைப் போல ஒன்றைச் செய்து நிறுத்தினார்கள். நூற்றைம்பது வருஷத்துக்குப் பிறகு இரண்டும் ஒரே இடத்தில், அதுவும் டோக்கியோவில், டிக்கெட் போட்டு. சகுராயில் இருந்து மிவா ஒரே ஸ்டேஷன். ரயில்தான் அரை மணிக்கு ஒன்று, சில நேரம் ஒரு மணி ஆகும், அதைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.